கடைசிச் சுவரோரம் ஒரு நாற்காலி

பயிற்சி மாணவி ஒருத்தி வகுப்பெடுக்கப் போகிறாள் என்றால், தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒரு நாற்காலி வரும். தொடக்கப் பள்ளி வகுப்பறையில் பெரியவர்கள் உட்கார வேறு இடம் இருக்காது. பிள்ளைகள் பாயில் இருப்பார்கள், அல்லது குட்டை பெஞ்சில். நாற்காலியைத் தூக்கிவரும் பையன் அதைக் கடைசிச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டு, ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போவான். பிறகு விரிவுரையாளர் வந்து அமர்வார். மடியில் மதிப்பீட்டுத் தாள், கையில் பேனா. கரும்பலகையோரம் நிற்கிற பெண்ணுக்கு நாக்கு வறளும்.

அந்த இரண்டு இடங்களிலும் நான் இருந்திருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், பிளஸ் டூ முடித்த கையோடு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து, சாக்பீஸோடு முன்னால் நின்றேன். பல ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து, தபாலில் மேல்படிப்பும் முடித்த பிறகு, பயிற்சி நிறுவனத்துக்கு விரிவுரையாளராகப் போனேன். அந்த நாற்காலியில் இருபது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற பின்னும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவரின் கண் எங்கே இருக்க வேண்டும்?

என் முதல் வகுப்பு மூன்றாம் வகுப்புக்கு. பாடம், வீட்டு விலங்குகள். முந்தின நாள் இரவு பதினோரு மணி வரை விடுதியில் உட்கார்ந்து சார்ட் வரைந்தேன், மின்னட்டை வெட்டினேன். பாடக்குறிப்பேட்டில் பக்கத்துக்கு நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 'ஆசிரியர் செயல்', வலப்பக்கம் 'மாணவர் செயல்' என்று எழுதுவோம். ஆர்வமூட்டல், அறிமுகம், வலுவூட்டல், மதிப்பிடல், தொடர்பணி என்று வரிசையாகப் போகும். பிள்ளைகள் என்ன பதில் சொல்லுவார்கள் என்பதையும் அந்த வலப்பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எழுதினேன். விரிவுரையாளர் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள், "பசு நமக்கு என்ன தருகிறது?" என்று கேட்டேன். என் நோட்டில் இருந்த பதில் பால். முன்னால் இருந்த ஒரு சிறுமி, "சாணி, டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் அவளைத் தாண்டி அடுத்த பிள்ளையைக் கேட்டேன், அதற்கடுத்த பிள்ளையைக் கேட்டேன், 'பால்' என்ற சொல் வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். காலையில் வாசல் தெளித்ததும், தரை மெழுகியதும், சுவரில் வரட்டி தட்டியதும் அந்தச் சாணியில்தான். அந்த வீட்டுப் பசு கறவை நின்றதாகக்கூட இருந்திருக்கலாம். அதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: குரல் நன்றாக இருக்கிறது, கரும்பலகை எழுத்து வலப்பக்கம் ஏறிப்போகிறது, சார்ட்டை உயரத்தில் மாட்டிவிட்டாய், மூன்று நிமிடம் முன்னதாக முடித்துவிட்டாய். எல்லாம் உண்மை. அவர் மனசாட்சியோடு வேலை பார்த்தவர், எனக்கு நல்லது நினைத்தவர். ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு பிள்ளைகூட வரவில்லை. சாணி என்று சொன்ன சிறுமி வரவில்லை. இன்றைக்கு அந்த வாரத்தை நினைத்தால் விரிவுரையாளரின் மூக்குக்கண்ணாடி நினைவுக்கு வருகிறது, அவர் பேனா குனிகிற ஒவ்வொரு தடவையும் என் வயிற்றில் எழுந்த பயம் நினைவுக்கு வருகிறது. அந்தச் சிறுமியின் முகம் வரவில்லை.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி, 1904இல் ஆசிரியர் பயிற்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிகாகோவில் 1896இல் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கி நடத்திப் பார்த்தவர் அவர். பிள்ளையின் கவனத்தில் வெளி, உள் என இரண்டு உண்டு என்கிறார். முகம் ஆசிரியரைப் பார்த்திருக்கும், புத்தகம் திறந்திருக்கும், அது வெளிக்கவனம். மனம் உண்மையில் எதில் ஓடுகிறது என்பது உள்கவனம். பழக்கமில்லாத ஒருவரை எடுத்த எடுப்பிலேயே வகுப்பின் முன் நிறுத்தி, அவர் செய்கிற ஒவ்வொன்றையும் நுணுக்கி நுணுக்கிக் குறை சொன்னால், வெளிக்கவனத்தைக் கட்டிவைக்கும் சாமர்த்தியத்தை மட்டும் அவர் கற்றுக்கொள்வார், உள்ளே ஓடுவதைப் படிக்கும் பழக்கம் வராமலே போகும் என்பது டூயியின் அச்சம். இதை நான் வாசித்தபோது எனக்கு வயது நாற்பது. வேப்பமரத்தடி கண்முன் வந்து நின்றது.

ஆனால் பிள்ளையைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது கட்டுரை இல்லை. அதே பயிற்சிக் காலத்தின் மூன்றாவது வாரத்தில், அந்தப் பள்ளியின் வகுப்பாசிரியை கற்றுக்கொடுத்தார். ஓய்வுக்கு இரண்டு மூன்று வருடம் இருந்தவர். ஊரே அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடும். சொல்வதை எழுதும் பயிற்சி கொடுத்திருந்தேன், பத்துச் சொற்கள். ஒரு பையனின் நோட்டில் பளம், மளை, வாளை என்று இருந்தது. மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். பக்கத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரிய டீச்சர் அந்த நோட்டைத் திரும்ப எடுத்தார்.

"இந்தப் பய தப்பா எழுதலம்மா. கேட்டத எழுதியிருக்கான்."

எனக்குப் புரியவில்லை. "எங்க, நீ சந்தையில போய் வாழைப்பழம் கேக்குற மாதிரி வேகமா சொல்லு பாப்போம்" என்றார். சொன்னேன். வாளப்பளம் என்றுதான் என் வாயிலும் வந்தது. எங்கள் தென்மாவட்டத்துப் பேச்சு அப்படி. "பாத்தியா? வகுப்புக்குள்ள வந்தாத்தான் நீயே ழ போடுற. அவன் வீட்ல அந்த எழுத்தே கிடையாது. நீ என்னதான் அழுத்திச் சொன்னாலும் அவன் காதுல ளன்னுதான் விழும். மூணு சொல்லுலயும் ஒரே எழுத்தத்தான் போட்டிருக்கான், கவனிச்சியா? ஒரே மாதிரி தப்புப் பண்ற பிள்ளை யோசிச்சுத்தான் பண்ணுது."

மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, ள சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டுவதையும் ழ சொல்லும்போது ஒட்டாமல் நிற்பதையும் தன் வாயைத் திறந்து காட்டினார். பையன் தன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். அவன் சிரித்தபோது முன்பல் ஒன்று இல்லாதது தெரிந்தது. மூன்று வாரம் அந்த வகுப்பில் நின்றிருக்கிறேன், அப்போதுதான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு நோட்டுத் திருத்துவது எனக்கு வேறு வேலையாக மாறியது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், எத்தனையோ பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டில் மட்டுமில்லை, கழித்தல் சொல்லிக்கொடுக்கிற எல்லா ஊரிலும் எழுதுவார்கள். ஏழும் இரண்டும் இருந்தால் பெரியதிலிருந்துதானே சின்னதை எடுக்க முடியும், அதனால் ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. பிள்ளை ஒரு விதியை வைத்துக்கொண்டு அதற்கு உண்மையாக நடந்திருக்கிறது. ஒற்றை இலக்கக் கழித்தலில் நாம் பழக்கிய விதிதான் அது. சிவப்புக் குறி அந்த விதியை மூடிவிடுகிறது. "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்டால் அது வெளியே வருகிறது. இப்படிக் கேட்கத் தோன்றுவதற்கு ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் படித்து அந்தப் பழக்கம் வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பயிற்சி நிறுவனத்துக்குள்ளேயே நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று நடக்கும். 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய முறை. ஐந்து, பத்து நிமிடத்தில் ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துப் பழகுவது. நம் ஊரில் தோழிகளே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்துகொள்வார்கள். கரும்பலகையில் எழுதிப் பழக, கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுப் பழக அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் குழந்தையாக நடிக்கிற தோழி ஒருபோதும் 'மளை' என்று எழுத மாட்டாள். பிள்ளையின் தவறை நடித்துக் காட்ட முடியாது. அதை அது பிறக்கிற இடத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும். பயிற்சி மாணவிகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய காரணம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதை ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்துப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒரு நாள் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து போனவர், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மனமொப்பி ஏற்கவில்லை. அதனால் எட்டு வயதுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனிடம் கீழ்வகுப்புப் பிள்ளைகளை ஒப்படைத்தார். பையன் செய்துகாட்டினான். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஏற்கெனவே நமக்குப் பழகின வழக்கம். பெல் 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. வழியில் நின்று, மணலில் ஓடும் விரலைப் பார்த்தார் பாருங்கள், அந்த இடத்தில்தான் என் மனம் நிற்கிறது. கடல் தாண்டிப் போனது அந்தப் பார்வை இல்லை, அதன் ஏற்பாடு மட்டும்தான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை வைத்து, எல்லோருக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர். பார்ப்பது என்பது காவல் காப்பதாக ஆகிப்போனது. ஏற்பாடு எளிதில் பயணம் செய்கிறது. பார்வையை ஒவ்வொருவரும் புதிதாகத்தான் பெறவேண்டியிருக்கிறது.

நானே அதற்குச் சாட்சி. பெரிய டீச்சரிடம் கற்றவள், விரிவுரையாளராகி நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை மறந்தேன். முதல் சில ஆண்டுகள் வேப்பமரத்தடிப் பேச்சையே நானும் பேசினேன். ஒரு காலையில் மூன்று பள்ளிகள், நடுவில் டவுன் பஸ், ஒரு மாணவிக்கு இருபது நிமிடம், அதற்குள் தாளில் மதிப்பெண். இருபது நிமிடத்தில் கண்ணுக்குப் படுவது கரும்பலகை எழுத்தும் சார்ட்டும்தான். எனக்கு அவகாசம் இல்லை என்பது உண்மை. அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் எழுதிய புத்தகத்தில் அதைச் சொல்கிறார். வேறெந்தத் தொழிலுக்கும் இல்லாத வழக்கமாக, ஆசிரியராக வருகிறவர் தன் பிள்ளைப் பருவம் முழுக்க அந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார். பெஞ்சிலிருந்து பார்த்தது. ஆசிரியர் என்ன செய்தார் என்பது தெரியும். என்ன நினைத்து அதைச் செய்தார் என்பது தெரியாது. அதனால்தான் முதல் வகுப்பில் பதறுகிற பெண், என்றோ தன்னை மிரட்டிய ஓர் ஆசிரியரின் குரலிலேயே "கையக் கட்டு, வாயப் பொத்து" என்கிறாள். அவள் சொந்தக் குரல் அது இல்லை. நாற்காலியில் என் மூலமாகப் பேசியதும் என் விரிவுரையாளரின் குரல்தான்.

செயல்வழிக் கற்றல் வந்த காலம் அது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகள், ஏணிப்படி, குழுக்கள் பற்றி ஆயிரம் விவாதம் நடந்தது, குறைகளும் இருந்தன. எனக்கு அதில் மனதைத் தொட்டது ஒன்றுதான். கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்குச் சுவரில் கீழே இறங்கியது. ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார். பெரியவர் கண்ணும் பிள்ளை கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அப்படி ஒரு வகுப்பில், சுவரோரம் எனக்கென்று போட்ட நாற்காலி கூச்சம் தந்தது. எழுந்துபோய்ப் பாயில் ஒரு சிறுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பாடம் எடுத்த பெண் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். கேள்விகள் மடமடவென்று வந்தன. என் பக்கத்துச் சிறுமி ஒவ்வொரு கேள்விக்கும் உதட்டைப் பிரித்தாள். சத்தம் வருவதற்குள் கேள்வி அடுத்தவரிடம் போய்விட்டது. மறுபடி பிரித்தாள். மறுபடி போனது. ஐந்தாவது கேள்விக்கு அவள் உதட்டைப் பிரிக்கவில்லை, பாயின் கோரையைப் பிய்க்கத் தொடங்கினாள். நாற்காலியில் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கக்கூடியது அவள் பின்னலும் ரிப்பனும்தான். 'பிள்ளைகள் சிலர் கவனிக்கவில்லை' என்று தாளில் எழுதியிருப்பேன்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை அளந்தே பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் இருந்தது. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டச் செய்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், 'தெரியாது' என்பது குறைந்தது. எழுபதுகளில் அவர் வெளியிட்ட முடிவுகள் இவை. மூன்று விநாடி மௌனம். சொல்லக் கேட்டால் ஒன்றுமில்லை. பின்னால் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது, முன்னால் நிற்கிறவளுக்கு அந்த மூன்று விநாடி ஒரு யுகம். பாடம் தெரியாமல் விழிக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவள் அடுத்த கேள்விக்கு ஓடுகிறாள். பிள்ளையின் வாயை மூடியது அவள் அவசரம். அவளை அவசரப்படுத்தியது என் பேனா.

வகுப்பு முடிந்து வெளியே வந்தோம். அவள் முகம் வெளுத்திருந்தது. அவளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. "மூணாவது வரிசையில நீலச் சட்டைப் பிள்ளைக்கு நாலு கேள்விக்கும் பதில் தெரியும்மா" என்றேன். "எந்தப் பிள்ளை, மேடம்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். நான் காட்டினேன். அவள் பார்த்தாள். அந்த ஜன்னலோரத்தில் அவள் தோள் தளர்ந்ததை நான் உணர்ந்தேன். அதுவரை நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் நாற்பது பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தார்கள். இப்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று ஒரே பிள்ளையைப் பார்த்தோம்.

இத்தனை ஆண்டுகளில் எனக்குத் துலங்கியது அங்கேதான். பாடக்குறிப்பு எழுதுவதை, துணைக்கருவி செய்வதை நாம் சொல்லித்தருவதாக நினைக்கிறோம். அவற்றோடு சேர்ந்து, யாரும் சொல்லாமலே, பார்க்கும் விதமும் கைமாறிவிடுகிறது. குறை தேடும் கண்ணுக்கு முன்னால் இரண்டு வருடம் நின்ற பெண், முப்பது வருடம் பிள்ளைகளின் நோட்டில் குறை தேடுவாள். தன் தடுமாற்றத்தை ஒருவர் பொறுமையாக, ஆர்வமாக, 'இவள் என்ன நினைத்து இப்படிச் செய்தாள்' என்று பார்த்ததை உணர்ந்தவள், 'வாளை' என்று எழுதின பையனையும் அப்படித்தான் பார்ப்பாள். கண்ணிலிருந்து கண்ணுக்கு இது போகிறது.

ஆகவே வாரக்கணக்கைப் பற்றிப் பேசும்போது எனக்கு நிம்மதியும் வருகிறது, கவலையும் வருகிறது. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் 20 வாரம் பள்ளி அனுபவம் வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் விதி வகுத்தது. நல்ல விதி. ஆனால் இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால், பயிற்சிக்கு வந்த பெண்ணே ஒரு நாள் முழுக்க இரண்டு வகுப்புக்கு ஆசிரியை. பார்க்கவும் ஆள் இல்லை, பார்த்ததைப் பேசவும் ஆள் இல்லை. தனியாள் ஆய்வு என்று ஒரு பதிவேடு உண்டு. ஒரே ஒரு பிள்ளையைப் பல வாரம் கவனித்து எழுதவேண்டியது. எல்லாப் பதிவேட்டிலும் விலைமதிப்பற்றது அதுதான் என்பேன். மூத்த மாணவியின் நோட்டைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதப்படுவதும் அதுதான். அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, செய்முறைத் தேர்வன்று மேசைமேல் அடுக்கிவைத்திருப்பார்கள். எடுத்துப் புரட்டுகையில் எனக்கு நெஞ்சு வலிக்கும். பார்க்கப்படாத ஒரு பிள்ளை அதில் எங்கோ இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் பயிற்சி மாணவிகளைப் பார்க்கப் போனேன். அங்கே வகுப்பாசிரியை, ஜன்னலோரம் என்னோடு நின்ற அதே பெண். முன்நெற்றியில் நரை விழத் தொடங்கியிருந்தது. வகுப்பில் நாற்காலி ஒன்று இருந்தது, அதன்மேல் பிள்ளைகளின் பைகள். அவள் பாயில் சம்மணமிட்டு இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பயிற்சி மாணவி ஒருத்தி முன்னால் நின்றாள், பத்தொன்பது வயதிருக்கும். "நிலா எப்போது தெரியும்?" என்று கேட்டாள். கடைசி வரிசையில் ஒரு பையன் உதட்டைப் பிரித்தான். அவள் நின்றாள். சாக்பீஸை உருட்டும் விரல் நடுங்கியது. ஆனாலும் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"பள்ளிக்கூடம் விடும்போது, டீச்சர்."

சில பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் பார்வை ஒரு கணம் தன் பாடக்குறிப்பேட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. "அப்படியா? எங்க பாத்த?" என்றாள்.

"பனமரத்துக்கு மேல."

நாலு மணி சொச்சத்துக்கு மணி அடித்தது. பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடினார்கள். அந்தப் பையன் பயிற்சி மாணவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கிழக்கே, பனைமரத்துக்கு மேல், வெளுத்துப்போன வளர்பிறை நிலா நின்றது. வெயில் இன்னும் தாழவில்லை. அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள், பையன் அவள் முகத்தைப் பார்த்தான், வகுப்பாசிரியை அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு படியில் நின்றாள்.